எள்ளளவும் தப்பாது

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் ஏறி இலக்கியச் சுவையை வாரி வழங்குவது வழக்கம். யானோ எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திக் கொண்டு, ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாகக் காலந்தள்ளுபவன். அத்தகைய என்னை விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துவிட்டனர். காரணம் வேறொன்றுமில்லை. சில ஆண்டுகளாக ஒரு கேள்வியைத் தூக்கிக் கொண்டு கண்டவரிடமெல்லாம் விடை கேட்டுத் திரிந்தவன் யான். "அவ்வளவு கேட்டாயே, கேட்டதை எங்களுக்கும் சொல்" என்கிறார்கள். கற்றிலனாயினும் கேட்டவன் என்ற உரிமை ஒன்றே எனக்குண்டு. பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

அந்தக் கேள்வி எவ்வாறு வந்தது என்பதை முதலில் கூறிவிடுகிறேன். என் மனைவியின் தம்பி திண்டிவனத்துப் பக்கத்தில் சிறு விவசாயி. இரண்டு ஏக்கரில் எள் விதைப்பவன். 2021ஆம் ஆண்டுக் கோடையில் எள்ளை அடித்துக் காயவைத்து மூட்டை கட்டிய வேளையில், வழக்கமாக வாங்கும் வியாபாரி கையை விரித்துவிட்டார். "ஐரோப்பாவில் நம் நாட்டு எள்ளில் ஏதோ நஞ்சைக் கண்டுவிட்டார்களாம். பரிசோதனை அறிக்கை வரட்டும், பிறகு விலை பேசலாம்" என்றாராம். அவன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "மாமா, நான் எள்ளுக்கு ஒரு சொட்டு மருந்தும் அடித்தவனல்ல. என் எள்ளில் நஞ்சு எப்படி வரும்? அவர்கள் எதைக் கொண்டு கண்டுபிடிக்கிறார்கள்? தவறாகச் சொல்லிவிட மாட்டார்களா?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. குறைந்த விலைக்கு விற்க நேரிடுமே என்ற அச்சம் அவன் குரலில் இருந்தது.

நல்ல காலமாக எனக்கு ஓர் ஆசிரியை வாய்த்தாள். நம் லைன் வீட்டில் பிறந்து, எம்.எஸ்ஸி. இரசாயனம் படித்து, பெங்களூரில் ஓர் உணவுப் பரிசோதனைச் சாலையில் பணிபுரியும் பெண் அவள். அவள் தந்தையும் யானும் ஒன்றாய் வளர்ந்தவர்கள். ஆகையால் என்னைச் சித்தப்பா என்பாள். மாரிகுப்பத்தில் விடியுமுன் ஏறி, சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று ஆள் ஏற்றிக் கொண்டு பங்காரப்பேட்டை வழியே பெங்களூர் செல்லும் வண்டியே எங்களுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. இன்று யான் கூறுவனவெல்லாம் அவ்வண்டியில் கற்றவையே.

முதலில் அந்நஞ்சு யாது என்று காண்போம். அதன் பெயர் எத்திலீன் ஆக்சைடு. பத்தே முக்கால் டிகிரி வெப்பத்தில் கொதித்து ஆவியாகிவிடும் பொருளாதலால், நம் ஊர்க் காற்றில் அஃது ஒரு வாயுவே. மருத்துவமனைகளில் வெந்நீரில் கொதிக்கவைக்க இயலாத கருவிகளைக் கிருமி நீக்க அதனைப் பயன்படுத்துகின்றனர். எள்ளிலும் மிளகாயிலும் சால்மொனெல்லா முதலிய கிருமிகளை அழிக்கவும் சிலவிடங்களில் அதனைப் புகையூட்டுவதுண்டு. ஆனால் அது மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கவல்லது என உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் தீர்மானித்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 1991ஆம் ஆண்டிலிருந்தே உணவுப் பயிர்களில் அதனைத் தடுத்துவிட்டது. எள்ளில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது அவர்கள் விதி. 2020 செப்டம்பரில் பெல்ஜியம் நாட்டார், இந்தியாவிலிருந்து வந்த எள்ளில் இவ்வரம்பு மீறப்பட்டிருப்பதாக எச்சரிக்கை விடுத்தனர். அதே ஆண்டு அக்டோபரில், இந்திய எள்ளின் சரக்குகளில் நூற்றுக்கு ஐம்பதை நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்றும், புறப்படும்போதே பரிசோதனைச் சான்று உடன் வரவேண்டும் என்றும் ஐரோப்பிய ஒன்றியம் ஆணை பிறப்பித்தது. என் மைத்துனனின் மூட்டைகள் திண்ணையில் கிடந்ததற்கு மூலம் இதுவே.

அன்பர்களே! கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்றால் எவ்வளவு? பிற ஊரார்க்கு இதனை விளக்குவது கடினம். தங்கவயல் மக்களாகிய நமக்கோ எளிது. "டன்னுக்கு எத்தனை கிராம்?" என்னும் கணக்கு நம் முன்னோரின் சோற்றுக் கணக்கன்றோ! 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் குழுமத்தார் இங்கு வந்தது முதல், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டது வரையில், நூற்றிருபது ஆண்டுகள் இம்மண் அக்கணக்கிலேயே வாழ்ந்தது. மூடப்படுங்காலத்தில் ஒரு டன் பாறையில் ஏறத்தாழ மூன்று கிராம் தங்கமே இருந்தது. பாறைப்பொடியில் முப்பது கிராம் மாதிரி எடுத்தால், அதனுள் இருக்கும் தங்கம் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனை ஈயத்தோடு உருக்கி, ஈயத்தை நீக்கி, எஞ்சிய கடுகினும் சிறிய மணியைத் தராசில் நிறுத்துக் காட்டினர் அஸ்ஸே ஆபீசில் இருந்தோர். சிறியதை அளக்கும் கலை நமக்குப் புதிதன்று.

எள்ளின் கணக்கோ இதனினும் நுண்ணியது. டன்னுக்கு மூன்று கிராம் தங்கம் என்ற இடத்தில், ஐரோப்பியர் வரம்பு டன்னுக்கு 0.05 கிராம் நஞ்சு. அறுபதில் ஒரு பங்கு! இன்னொரு விதமாகச் சொல்கிறேன். ஓர் எள்ளின் எடை சுமார் மூன்று மில்லிகிராம். ஒரு டன் எள்ளில் முப்பத்துமூன்று கோடி எள் இருக்கும். அவற்றுள் பதினேழு எள்ளின் எடை எவ்வளவோ அவ்வளவு நஞ்சு கலந்திருப்பினும் கண்டாக வேண்டும். அதுவுமன்றி, ஒரு டன்னையும் கருவிக்குள் கொட்ட முடியாதே! இரண்டு கிராம் எள்ளின் சாரத்தைப் பத்து மில்லிலிட்டர் திரவத்தில் இறக்கி, அதிலும் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கையே கருவிக்குள் ஊசியால் செலுத்துகின்றனர் என்று கொள்வோம். அத்துளியில் இருக்கும் நஞ்சு எவ்வளவு? ஓர் எள்ளை முப்பது கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு. "எள்ளளவும் ஐயமில்லை" என்று நம் பாட்டிமார் சொல்வர். இக்கருவிக்கு எள்ளளவு என்பது மலையளவு.

அக்கருவியை ஜி.சி.எம்.எஸ். என்கின்றனர். வாயு வண்ணப்பிரிகை என்பது அதன் முற்பாதி. நிறை நிறமாலைமானி என்பது பிற்பாதி. இரு வேறு குலத்துப் பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவைத்தாற்போன்ற அமைப்பு அது.

முற்பாதியின் வேலை பிரிப்பது. 1903ஆம் ஆண்டு ருஷிய அறிஞர் த்ஸ்வெத் என்பார் இலையின் சாற்றைச் சுண்ணப்பொடி நிரப்பிய குழாயில் ஊற்றிப் பச்சை, மஞ்சள் நிறங்கள் தனித்தனி வளையங்களாகப் பிரிவதைக் கண்டார். வண்ணப்பிரிகை என்னும் பெயர் அதனால் வந்தது. 1952இல் ஜேம்ஸ், மார்ட்டின் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், திரவத்துக்குப் பதிலாக வாயுவைக் கொண்டே பொருள்களை ஓட்டிப் பிரித்துக் காட்டினர். இன்றைய கருவியில் முப்பது மீட்டர் நீளமும் கால் மில்லிமீட்டர் உள்துளையும் கொண்ட மெல்லிய குழாய், நூற்கண்டுபோல் சுருட்டப்பட்டு ஓர் அடுப்புக்குள் தொங்குகிறது. உட்சுவரில் மெல்லிய பூச்சு ஒன்றுண்டு. ஹீலியம் வாயு, ஆவியான பொருள்களைத் தள்ளிக் கொண்டு அதனூடே செல்கிறது. ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் பத்துப் பேர் ஒன்றாக நுழைந்தாலும், நேரே நடப்பவர் முன்னும், கடைக்குக் கடை நின்று விலை கேட்பவர் பின்னுமாகத்தானே மறுகோடிக்கு வந்து சேர்வர்? அவ்வாறே பூச்சின்மீது பற்றில்லாத பொருள் முதலிலும், பற்றுள்ளது தாழ்ந்தும் வெளிவரும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நேர அட்டவணை உண்டு. ரயில்வே ஊழியனாகிய எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

பிற்பாதியின் வேலை நிறுப்பது. வெற்றிடத்துள் வரும் ஒவ்வொரு பொருளையும் எலெக்ட்ரான்களால் தாக்கி, மின்னேற்றி, துண்டுதுண்டாக உடைத்து, மின்புலத்தால் துண்டுகளை எடைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது. ஜே. ஜே. தாம்சனும் அவர் மாணவர் ஆஸ்டனும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கலைக்கு வித்திட்டனர். 1950களின் நடுவில் அமெரிக்காவின் டௌ இரசாயனத் தொழிற்சாலையில் கோல்கே, மக்லாபர்ட்டி என்னும் இருவர் இவ்விரு கருவிகளையும் இணைத்தனர். பார்சல் ஆபீசில் மூட்டை வரும் நேரத்தையும் குறிக்கிறோம், எடையையும் போடுகிறோம். இரண்டும் பொருந்தினால்தான் இன்ன மூட்டை என்று கையெழுத்திடுவோம். ஜி.சி.எம்.எஸ். செய்வதும் அதுவே.

ஏன் இரண்டும் வேண்டும்? எடை ஒன்றே போதாதா? என் மைத்துனனின் கேள்விக்கு விடை இவ்விடத்தில்தான் இருக்கிறது. எத்திலீன் ஆக்சைடின் எடை 44. பழுத்த கனியிலும் புளிக்கும் பொருளிலும் இயல்பாகவே தோன்றும் அசிட்டால்டிஹைடு என்பதன் எடையும் 44. நாம் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவின் எடையும் 44! அசிட்டால்டிஹைடைக் கருவி உடைத்தாலோ, நஞ்சின் துண்டுகளைப் போன்றே ஏறத்தாழ அதுவும் உடையும். எடையை மட்டும் நம்பினால் குற்றமற்ற பொருளைக் குற்றவாளியாக்க நேரும். குழாயில் நேரத்தால் நன்கு பிரித்த பின்னரே எடைபோட வேண்டும். "தவறாகச் சொல்லிவிட மாட்டார்களா?" என்று அவன் கேட்டது மூடக் கேள்வியன்று. அவசரப்பட்டால் சொல்லக்கூடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இந்நஞ்சு எளிதில் ஓடிவிடும். ஆனால் ஓடுமுன் எள்ளில் உள்ள குளோரைடோடு கூடி, 2-குளோரோஎத்தனால் என்னும் பொருளைத் தோற்றுவிக்கும். அது நூற்றிருபத்தெட்டு டிகிரியில்தான் கொதிக்கும். ஆகையால் எள்ளிலேயே தங்கிவிடும். திருடன் ஓடிவிட்டாலும் அவன் காலடித் தடம் நிற்கிறது. ஆதலின் ஐரோப்பியர் நஞ்சையும் தடத்தையும் கூட்டியே கணக்கிடுகின்றனர். தடத்துக்கு ஓர் அழகான அடையாளமும் உண்டு. குளோரினில் இயற்கையாகவே 35, 37 என இருவகை அணுக்கள் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்துள்ளன. ஆகவே 80 என்ற எடையில் ஒரு குறி தோன்றினால், 82இல் அதன் மூன்றிலொரு பங்கு உயரத்தில் இன்னொரு குறி தோன்றியாக வேண்டும். தோன்றாவிடில் அது வேறு யாரோ.

இனி, இத்தகைய நுட்பத்தை எவ்வாறு மேலும் கூர்மையாக்குகின்றனர் என்பதைக் கேளுங்கள். யான் முதலில் நினைத்தது, குரலை உரக்க எழுப்பும் ஒலிபெருக்கியைப்போல, கருவியின் ஆற்றலை ஏற்றிக் கொண்டே போவார்கள் என்பதே. அப்பெண் சிரித்துவிட்டாள். "சித்தப்பா, ஒலிபெருக்கி பேச்சையும் பெருக்கும், இரைச்சலையும் பெருக்கும். இரைச்சலைக் குறைப்பதுதான் கலை" என்றாள். அப்போது எனக்கு நம் ஊர்ப் பெருமை ஒன்று நினைவுக்கு வந்தது. 1965ஆம் ஆண்டு, சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஹீத்கோட் ஷாப்டில், பூமிக்கடியில் இரண்டேகால் கிலோமீட்டருக்கும் கீழே, பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் அடையாளத்தைக் கண்டனர் அன்றோ? அவ்வளவு ஆழத்துக்கு ஏன் இறங்கினார்கள்? கருவியின் குரலை உயர்த்த அன்று. வானிலிருந்து பொழியும் பிற துகள்களின் இரைச்சலை மேலே உள்ள பாறை தடுத்துவிடும் என்பதற்காகவே. நம் தந்தையர் தோண்டிய ஆழம் உலகத்தின் மிக மெல்லிய குரலைக் கேட்க உதவியது. அதே தத்துவந்தான் எள்ளிலும் நடக்கிறது.

எள்ளில் இரைச்சல் என்பது எண்ணெய். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தானே! முதற்படியாக அதனை நீக்குகின்றனர். அடுத்த படி, எல்லா எடைகளையும் ஒவ்வொன்றாகத் தேடாமல், வேண்டிய இரண்டு மூன்று எடைகளை மட்டும் காத்திருந்து எண்ணுவது. வண்டி முழுவதும் ஓடியோடித் தேடும் பரிசோதகர் ஒரு பெட்டியில் ஒரு கணமே நிற்க முடியும். இன்ன பெட்டி என்று தெரிந்தால் அங்கேயே நின்று நன்றாகப் பார்க்கலாம். நான்கு பங்கு நேரம் நின்று எண்ணினால், குறி இரைச்சலைவிட இரண்டு பங்கு தெளிவாகும் என்பது கணக்கு. மூன்றாவது படி, 1978இல் அமெரிக்காவில் யோஸ்ட், என்கே என்னும் அறிஞர் உருவாக்கிய முந்நிலைக் கருவி. முதல் நிலையில் 80 எடையுள்ளவற்றை மட்டும் உள்ளே விட்டு, நடுநிலையில் அவற்றை உடைத்து, மூன்றாம் நிலையில் உடைந்த துண்டையும் நிறுத்துப் பார்க்கின்றனர். இருமுறை வடிகட்டுவதால் குறியும் சற்றுக் குறையத்தான் செய்கிறது. ஆனால் இரைச்சல் அதனினும் பன்மடங்கு குறைந்துவிடுகிறது. குறைந்த குரல் தெளிவாகக் கேட்கிறது. எவ்வளவு அழகிய முரண், பாருங்கள்!

இனி வேகத்துக்கு வருகிறேன். நுட்பமும் வேகமும் ஒன்றுக்கொன்று பகை என்றே யான் நினைத்திருந்தேன். பொறுமையாகச் செய்தால் நன்றாக வரும், விரைந்து செய்தால் கெடும் என்பது நம் அனுபவமன்றோ? இக்கருவியில் அது முழு உண்மையன்று. குழாயினுள் பொருள் நெடுநேரம் கிடந்தால் முன்னும் பின்னுமாகப் பரவி, அதன் குறி தாழ்ந்து அகன்றுவிடும். பங்காரப்பேட்டை மேடையில் ஆயிரம் பேர் நடமாடுகையில், நம் ஊரார் பத்துப் பேர் ஒரு மணி நேரத்தில் ஒருவர் ஒருவராக வந்தால் யாரும் காணார். பத்துப் பேரும் ஒரே கணத்தில் சேர்ந்து இறங்கினால் எவரும் காண்பர். விரைந்து, ஒன்றுசேர்ந்து வெளிவரும் பொருளின் குறி ஒடுங்கி உயர்கிறது. எனவே அளவோடு கூடிய வேகம் நுட்பத்தை வளர்க்கிறது.

இவ்வேகத்தை எய்தப் பல வழிகள் கண்டனர். பழைய குழாய்கள் பொடி நிரப்பியவை. 1957, 58ஆம் ஆண்டுகளில் கோலே என்பார் நிரப்பற்ற வெறுங்குழாயே மேலெனக் காட்டினார். 1979இல் ஒளியிழை செய்யும் அதே தூய சிலிக்காவால் வளையும் குழாய்கள் வந்தன. முப்பது மீட்டர்க் குழாய்க்குப் பதில், பத்து மீட்டர் நீளமும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் துளையும் கொண்ட குழாய் அதே பிரிப்பைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். ஹீலியத்துக்குப் பதில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் பிரிப்புக் கெடாமலே ஓட்டத்தை மேலும் விரைவாக்கலாம். ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. குறி ஒரு நொடியே நிலைக்கிறது எனின், அந்நொடிக்குள் எடைபோடும் பகுதி பத்து முறையேனும் நிறுத்தாக வேண்டும். இன்றேல் உச்சியைத் தவறவிடும். வண்டி விரைந்தால் கொடிகாட்டுபவர் கண்ணும் விரைய வேண்டுமன்றோ?

எல்லையும் ஒன்றுண்டு. வேகத்தை அளவின்றி ஏற்றினால், 44 என்னும் எடையுள்ள மூவரும் மீண்டும் தோளோடு தோள் சேர்ந்து வந்துவிடுவர். அப்போது யார் எவர் என்று தெரியாது. விரைவான பொய்ச்சாட்சியால் யார்க்கு என்ன பயன்? ஆகவே நுட்பம், விரைவு, அடையாளத்தில் நேர்மை ஆகிய மூன்றும் ஒன்றாக நிற்க வேண்டும். யான் இன்று சொல்ல வந்தது, சுருங்கக் கூறின், இவ்வொன்றே.

இக்கதையில் என் மைத்துனனுக்கு என்னவாயிற்று என்று தாய்மார்கள் கேட்பீர்கள். அவன் எள்ளின் மாதிரி பரிசோதனைக்குச் சென்றது. நாள்கள் கழிந்தன. வானம் கறுத்தது. மழை நனைத்துவிட்டால் உள்ளதும் போம் என்றஞ்சி, வந்த விலைக்கே விற்றுவிட்டான். பதினெட்டாம் நாள் அறிக்கை வந்தது. நஞ்சும் இல்லை, தடமும் இல்லை. உண்மை வந்தது, ஆனால் மூட்டைகள் போன பின்பு வந்தது. அவ்வாண்டு அவன் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என் மனைவியின் வளையல் அடகுக்குப் போயிற்று.

கருவி சில நிமிடங்களில் சொல்லும் விடைக்குப் பதினெட்டு நாள் எவ்வாறு ஆயிற்று? அப்பெண்ணைக் கேட்டேன். மாதிரி வந்து சேர ஆன நாள், வரிசையில் காத்திருந்த நாள், எண்ணெயைப் பிரித்துச் சாரம் எடுத்த நேரம், கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட நாள் என்று அடுக்கினாள். பார்சலில் பணிபுரியும் எனக்கு இதில் வியப்பில்லை. சரக்கு வண்டி ஓடும் நேரத்தினும் யார்டில் நிற்கும் நேரமே மிகுதி. இஞ்சினை விரைவாக்கினால் மட்டும் சரக்கு விரைந்து சேராது. இதனை உணர்ந்தே 2003இல் அனஸ்தாசியாடிஸ், லெஹோட்டே முதலிய அறிஞர், கெச்சர்ஸ் என்னும் எளிய முறையை வெளியிட்டனர். பொடித்த மாதிரியை ஒரு குழாயிலிட்டு, அசிட்டோநைட்ரைலும் உப்புகளும் சேர்த்துக் குலுக்கி, சுழற்றித் தெளியவைத்தால் சாரம் ஆயத்தம். பல மணி நேர வேலை அரை மணி, முக்கால் மணிக்குள் அடங்கியது. அறிவின் பெருமை பெரிய கருவியில் மட்டுமன்று. சிறு குழாயைக் குலுக்குவதிலும் இருக்கிறது.

மேலும் இரண்டு எச்சரிக்கைகளைக் கூறி முடிக்கிறேன். முதலாவது, மாதிரி எடுக்கும் நேர்மை. முப்பத்துமூன்று கோடி எள்ளுக்கு இரண்டு கிராம் எள் சாட்சி சொல்லப்போகிறது. அதனை ஒரே மூட்டையின் வாயிலிருந்து அள்ளினால், உலகிலேயே உயர்ந்த கருவியும் பொய்தான் சொல்லும். பாறையின் பல முகங்களிலும் சில்லெடுத்துக் கலந்து பங்கிட்ட நம் பழைய சுரங்கத் தொழிலாளிக்கு இது தெரியும்.

இரண்டாவது, கண்டது என்பது வேறு, குற்றம் என்பது வேறு. 2020ஆம் ஆண்டில் எள்ளில் இந்நஞ்சுக்கு ஐரோப்பாவின் வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராமாக இருந்தபோது, அமெரிக்காவின் வரம்பு 7 மில்லிகிராம். அங்கே நஞ்சின் தடத்துக்குத் தனி வரம்பு உண்டு. அதுவோ இன்னும் பன்மடங்கு பெரிது. ஒரே எள் ஒரு துறைமுகத்தில் விலக்குண்டு, இன்னொரு துறைமுகத்தில் வரவேற்கப்படலாம். கருவி அளவைச் சொல்லும். எவ்வளவு தகும் என்பதை மனிதன்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்காக வரம்பே வேண்டாம் என்று யான் கூறவில்லை. உண்பவர் உயிரும் விளைப்பவர் பிழைப்பும் இரண்டும் காக்கப்பட வேண்டும். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் நம் நாட்டு மசாலாப் பொடிகள் சில இதே காரணத்தால் நிறுத்தப்பட்டன. அதன்பின் மே மாதத்திலிருந்து அவ்விரு இடங்களுக்கும் செல்லும் மசாலாச் சரக்குகளுக்கு நம் நறுமணப் பொருள் வாரியம் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. பிறர் கண்டு சொல்லுமுன் நாமே காண்பதன்றோ மானம்!

என் மைத்துனனுக்கு யான் சொன்ன விடை இதுதான்: "தம்பி, இது வயலில் தெளிக்கும் மருந்தன்று. அறுவடைக்குப் பின் கிடங்கிலோ ஆலையிலோ ஊட்டும் புகை. ஆகையால் எள் உன் களத்தை விட்டுப் போகுமுன்னரே, பல மூட்டையிலும் கைப்பிடி எடுத்துக் கலந்து, ஒரு பங்கை மூடி முத்திரையிட்டு, நாளும் குறித்து வைத்துக் கொள். நாளை யாரேனும் கேட்டால், உன் கையில் இருந்தபோது எள் எப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி." அவன் மறுவருடம் முதல் அவ்வாறே செய்து வருகிறான். அவனோடு அக்கம் பக்கத்தார் பதினொருவர் சேர்ந்து, கட்டணத்தைப் பங்கிட்டு, அறுவடைக்கு முன்னரே பரிசோதனைச் சாலையில் முறை பதிந்துகொள்கின்றனர். இப்போது அறிக்கைக்கும் மழைக்கும் போட்டியில்லை.

தங்கவயல் பெருமக்களே! நம் மண்ணில் தங்கம் எடுக்கும் தொழில் முடிந்தது. விடியற்கால வண்டியில் பிழைப்புத் தேடிப் பெங்களூர் செல்வதே நம் இளைஞர்க்கு வாழ்வாயிற்று. ஆனால் டன்னில் கிராமைத் தேடிய பொறுமையும், பொய்யெடை போடாத கையும் சுரங்கத்தோடு மூடப்பட்டுவிடவில்லை. அஸ்ஸே ஆபீசில் தராசைப் பிடித்தவர் பேத்தி இன்று கோடியில் ஒரு பங்கை அளக்கிறாள். யான் சொன்ன அப்பெண்ணின் பாட்டனார் அத்தராசைத்தான் பிடித்திருந்தார் என்பதை இந்த அவைக்குச் சொல்வதில் எனக்குப் பெருமை. உங்கள் வீட்டுப் பெண்மக்களையும் ஆண்மக்களையும் இரசாயனம் படிக்க வையுங்கள். வண்டியில் எனக்குப் பாடம் சொல்ல இன்னும் சிலர் வேண்டும்.